உதிர்ந்தது யாருடையது

காலையில் மருந்துக் கம்பெனியின் உள்ளறைக் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்று பொய் சொல்வது, முழுக்கை என்று எல்லோரும் கூப்பிடுகிற அவனுக்குப் பழகிப்போன காரியம். மேற்பார்வையாளர் கதவை மறித்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொருவராக முன்னால் வந்ததும் அதே கேள்விகளை அதே ராகத்தில் கேட்பார்.

“காய்ச்சல் இருக்கா? இருமல், சளி? வெட்டுக்காயம், புண்ணு? தோல் உதிருதா?”

“இல்ல சார், இல்ல சார், இல்ல சார், இல்ல சார்.”

கடைசி ‘இல்ல சார்’ சொல்லும்போது மட்டும் முழுக்கை அவர் முகத்தைப் பார்க்க மாட்டான். அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொல்வான். அவரும் மனுஷன்தானே, தினமும் இதே பாட்டு, எவன் கண்ணைப் பார்த்துச் சொல்கிறான், எவன் பொத்தானைப் பார்த்துச் சொல்கிறான் என்றா கவனித்துக்கொண்டிருப்பார்? “சரி, போ போ” என்று உள்ளே விட்டுவிடுவார்.

உள்ளே நடக்கிற வேலை என்னவென்று சொன்னால்தான் இந்தப் பொய்யின் கனம் புரியும். அங்கே செய்வது தோலில் ஒட்டுகிற மருந்துப் பேட்ச். கட்டைவிரல் நகத்தளவு இருக்கும். ஒரு பக்கம் வழவழவென்று இருக்கும். மறுபக்கம் முழுக்க ஊசிகள். ஊசி என்றதும் பயந்துவிட வேண்டாம். கண்ணுக்கே தெரியாத ஊசி, தடவிப் பார்த்தால் பூனை நக்கின மாதிரி லேசாகச் சொரசொரக்கும், அவ்வளவுதான். பாகு மாதிரி ஒரு கரைசலில் மருந்தைக் கலந்து, ரப்பர் அச்சில் இருக்கிற பொடிப்பொடிக் குழிகளுக்குள் ஊற்றி, குழிக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்து, காயவைத்து, கிழியாமல் உரித்தெடுக்க வேண்டும். நோயாளியின் தோலில் அழுத்தி ஒட்டினால் ஊசிகள் உள்ளேயே கரைந்து மருந்தை இறக்கிவிடும். வலி கிடையாது, ரத்தம் கிடையாது. இன்னும் கடைக்கு வரவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் சில பேருக்கு மட்டும் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எந்த நோய்க்கு? அங்கேதான் இருக்கிறது வேடிக்கை. சொரியாசிஸுக்கு. தோல் சிவந்து தடித்து, வெள்ளைச் செதிலாக உதிர்ந்துகொண்டே இருக்கிற நோய்க்கு. அதே நோய்தான் முழுக்கையின் இரண்டு முழங்கைகளிலும், முதுகிலும், முழங்கால்களிலும் உட்கார்ந்துகொண்டு, போகிற வழியைக் காணோம்.

ஒரு நாள்கூட அவன் ஒரு பேட்சைத் திருடி ஒட்டிக்கொண்டதில்லை. கழித்துப்போட்ட பேட்ச்கள் தட்டுத் தட்டாகக் குப்பைக்குப் போகும்போதுகூட எடுத்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை. தான் ஒரு யோக்கியன் என்று நம்புவதற்கு அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

தோல் உதிர்கிறவர்களை உள்ளே விடக் கூடாது என்பது அங்கே சட்டம். சொன்னால் வேலையை விட்டுத் துரத்திவிட மாட்டார்கள், பின்பக்கம் பெட்டி கட்டுகிற கொட்டகைக்கு அனுப்புவார்கள். அது அவனுக்கும் தெரியும். கொட்டகைக்கு அவன் பயப்படவில்லை. சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்ட வேண்டுமே, அதற்குத்தான் பயந்தான். முன்பு ஒரு தரம் முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் போர்வையைப் போர்த்த வந்த முடிதிருத்துபவர், அவன் முழங்கையைப் பார்த்ததும் கையில் இருந்த போர்வையை அப்படியே மடித்து, “அண்ணே, கரண்ட் போகப்போகுது, நீங்க வேற கடை பாத்துக்கங்க” என்றார். மின்விசிறி தலைக்கு மேலே ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்த எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள், பிறகு இவனைப் பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது அவனுக்கு. அன்றோடு அரைக்கைச் சட்டை போயிற்று. முடிவெட்டும் கடையும் போயிற்று. அதற்கப்புறம் அவன் தலையை அவன் பெண்டாட்டிதான் வெட்டிவிடுகிறாள். அழகெல்லாம் பார்க்க மாட்டாள், ஒட்ட வெட்டிவிடுவாள். “தலையா இது, தேங்கா மூடியா?” என்று அவளே சிரிப்பாள்.

கொளுத்துகிற வெயிலிலும் பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையோடு வந்ததால் வேலைக்குச் சேர்ந்த வாரமே பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தது ரெட்டைத்தொப்பி அக்கா. அந்தப் பெயரும் சும்மா வந்ததில்லை. அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. உள்ளே போகிறவர்கள் ஒரு தொப்பி போட்டால் போதும். அக்காவின் முடி ஒரு தொப்பிக்குள் அடங்காது. தினமும் கதவுக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், முடியை மொத்தமாக அள்ளி, முறுக்கி, உச்சியில் சுருட்டி, ஒரு தொப்பி மேல் இன்னொரு தொப்பியாக மாட்டுவாள். “சீக்கிரம்மா, சீக்கிரம்” என்று மேற்பார்வையாளர் கத்துவார். “உங்களுக்கு மூணு நிமிஷத்துல சீவிடலாம் சார், இருக்குறது மூணு முடி” என்பாள். அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

முழுக்கைக்குக் கரைசல் ஊற்றக் கற்றுக்கொடுத்தது அவள்தான். இடைவேளையில் டீ வாங்கிக் கொடுப்பதும் அவள்தான். நடைவழிச் சுவரில் நோயாளிகளின் படம் ஒட்டியிருக்கும். முகம் இருக்காது, முழங்கை மட்டும், முழங்கால் மட்டும். யாருக்காக வேலை செய்கிறோம் என்று தெரிய வேண்டுமாம். அக்கா டீயோடு அந்தப் படத்துக்கு முன்னால் நின்று உச்சுக் கொட்டுவாள். “பாவம்டா தம்பி. யாரு பெத்த புள்ளையோ. நம்ம கையால செஞ்சது போய் இதுங்களுக்குச் சரியாகணும்.” பக்கத்தில் நின்ற முழுக்கை டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கா, அந்தப் புள்ள நான்தான் என்று ஒரு வார்த்தை! ஆனால் அவனோ, “ஆமாக்கா, பாவம்” என்பான். தன்னையே பாவம் என்று அடுத்தவனைச் சொல்வது போலச் சொல்லிக்கொள்ள எப்படித்தான் வாய் வந்ததோ.

உள்ளே போகிறவர்கள் சொந்த உடுப்பைக் கழற்றிவிட்டு, கம்பெனி கொடுக்கிற அரைக்கை உள்ளாடையைப் போட்டு, அதற்கு மேலே உடம்பு முழுக்க மூடுகிற அங்கியை மாட்ட வேண்டும். முழுக்கை எல்லோருக்கும் முன்னால் வந்து, யாரும் இல்லாதபோது, தன் சொந்த முழுக்கைச் சட்டையை அந்த அரைக்கைக்கு அடியிலேயே விட்டுக்கொள்வான். அங்கி மாட்டியாகிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? யாராவது பார்த்துக் கேட்டால், “ஏசி ஒத்துக்காதுங்க” என்பான்.

கோளாறு அங்கேதான் வந்தது. அந்த மாதம் நோய் முற்றிப்போயிருந்தது. அங்கிக்குள் வேர்த்தால் அரிப்பு உயிரை எடுக்கும். கை வைத்துச் சொறியக் கூடாது, ஆகவே மேசை விளிம்பில் முழங்கையை வைத்து நைசாகத் தேய்த்துக்கொள்வான். அன்றைக்கும் தேய்த்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கரைசல் ஊற்றக் குனிந்தபோது பார்த்தால், கையுறைக்கும் அங்கிக்கும் நடுவே அவனுடைய சொந்தச் சட்டையின் நுனி, தேய்த்ததில் உதிர்ந்த செதிலோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பகீரென்றது. உடனே கையை மேசையை விட்டு விலக்கி, வேலையை நிறுத்தி, ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவன் சட்டை நுனியை ஒரு விரலால் உள்ளே தள்ளிவிட்டு, ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊற்றினான்.

ஆயிற்று. பேட்ச்களைச் சோதிக்கிற மைக்ராஸ்கோப் மேடம் மறுநாள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளரிடம் வந்தாள். ஊசிகளுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்றாள். “தூசி இல்ல சார். மனுஷத் தோல் மாதிரி இருக்கு. பொடுகா இருக்கலாம்.” அன்று ஊற்றினது அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. ஆஸ்பத்திரியில் பேட்சுக்காகக் காத்துக்கொண்டிருந்தவர்களை இன்னொரு நாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்களாம்.

பொடுகு என்ற வார்த்தை காதில் விழுந்ததோ இல்லையோ, மேற்பார்வையாளர் எல்லோரையும் டீ குடிக்கிற கூடத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார். மேசையில் ஒரு கறுப்புக் காகிதம். கையில் ஒரு சீப்பு. ஒவ்வொருவராக வந்து தலையைக் காகிதத்துக்கு மேல் குனிந்து சீவிக் காட்ட வேண்டும். மனுஷர் கெட்டவர் இல்லை. அவரை மேலே இருப்பவர்கள் வறுத்தெடுத்திருந்தார்கள். ஆனால் அதை யோசித்து என்ன பிரயோசனம், வெட்கம் வெட்கம்தானே.

முழுக்கையின் முறை வந்தது. குனிந்தான். அவன் தலையில் சீவ என்ன இருக்கிறது? காகிதம் கறுப்பாகவே இருந்தது. “இவன மாதிரி இருக்கணும்யா” என்று மேற்பார்வையாளர் அவன் முதுகில் தட்டினார். தட்டின இடத்துக்கு நேர் கீழேதான் முதுகுப் புண் இருந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

அடுத்தது அக்கா. அவ்வளவு முடியையும் முன்னால் தள்ளிக் குனிந்து, சீப்பை ஓட்டினாள். காகிதத்தில் வெள்ளையாகப் பொடிப்பொடியாக விழுந்தது. யாரோ பின்னாலிருந்து “அடேயப்பா” என்றார்கள். அக்கா நிமிரவே இல்லை. முடிக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டு, “ரெண்டு தொப்பி போடுறேனே சார்” என்றாள். அவ்வளவு சின்னக் குரல் அவளுக்கு உண்டு என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

“நாளைலேர்ந்து பொட்டி கட்டுற எடத்துக்குப் போம்மா.”

முழுக்கை அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை. முழங்கையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே, தலையைத்தானே கேட்டார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அதை நினைத்ததற்கே அவனைச் செருப்பால் அடிக்கலாம்.

அக்கா கொட்டகைக்குப் போன பிறகும் இடைவேளையில் டீக்கு வருவாள். அவளைக் கண்டால் உள்ளறைக்காரர்கள் பொடுகு விழுந்த மாதிரி தங்கள் தோளைத் தட்டிவிட்டுக்கொள்வார்கள், விளையாட்டுத்தான். அவளும் சிரித்துக்கொள்வாள். முழுக்கையிடம் மட்டும், “என்ன எண்ணெய் போட்டும் போக மாட்டேங்குதுடா” என்பாள். அவன் அவள் வாங்கிக்கொடுத்த டீயை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தான்.

வீட்டில் பெண்டாட்டியிடம் எதையும் மறைக்க முடியாது. தினமும் படுக்கை விரிப்பைக் கொண்டுபோய் உதறுகிறவள் அவள். தட்டு குப்பைக்குப் போன கதையை அவன் பாதி சொல்லும்போதே, “அது உங்களோடதுதானே?” என்றாள். அவன் சுவரைப் பார்த்தான். “சொல்லிடுங்க. அந்தக்கா பாவம்.” “சொல்றேன்.” “எப்ப?” “சொல்றேன்னு சொல்றேன்ல!” அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அவள் அப்படிக் கேட்காமல் இருந்தது அவனை ரொம்பவும் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. பனியனோடு உட்கார்ந்திருந்த முழுக்கை, “யாரு?” என்றான். “நான்தான்டா, அக்கா” என்று குரல் வந்ததும் வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடி, கொடியில் கிடந்த ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானை மேலும் கீழுமாகப் போட்டுக்கொண்டு வந்தான்.

அக்கா அவனைப் பார்க்க வரவில்லை. அவன் பெண்டாட்டியைப் பார்க்க வந்திருந்தாள்.

“இவன் தலைய நீதான் வெட்டுறியாமேம்மா. அன்னைக்குக் காகிதத்துல ஒரு பொட்டுகூட விழல. எனக்கும் அதே மாதிரி வெட்டி விட்டுடு. சார்கிட்ட கேட்டேன். தலையச் சரி பண்ணிட்டு வா, பாக்கலாம்னார்.”

பெண்டாட்டி அந்தப் பின்னலைப் பார்த்தாள். “அக்கா, இவ்வளவு முடியவா?”

“முடி என்ன முடி. அந்தக் கொட்டகையில என்னால இருக்க முடியல. நல்லா வேலை தெரிஞ்சவ நான். பொடுகுக்காரின்னு ஓரமா ஒதுக்கிட்டாங்களேன்னு...” உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

நாற்காலி போட்டாயிற்று. கீழே பழைய செய்தித்தாள் விரித்தாயிற்று. பின்னலின் அடியில் கத்தரியை வைத்துவிட்டு, பெண்டாட்டி தலையை நிமிர்த்தி, அக்காவின் தலைக்கு மேலே முழுக்கையைப் பார்த்தாள். “யோசிச்சுக்கங்க அக்கா” என்றாள். அக்காவிடம் சொல்லவில்லை, இவனிடம் சொன்னாள்.

“யோசிச்சாச்சும்மா. வெட்டு.”

கத்தரி நின்றது. இன்னும் நின்றது. பெண்டாட்டியின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு வந்தது. அப்போது அந்த மகானுபாவன் திருவாய் மலர்ந்தான்.

“அக்கா, டீ போடட்டுமா?”

“போடுடா. சர்க்கரை கம்மியா.”

அவன் அடுப்படிக்கு ஓடினான். தண்ணீர் கொதிக்கிற சத்தத்தையும் மீறி, கத்தரி அந்தப் பின்னலை நறநறவென்று தின்கிற சத்தம் கேட்டது. டீயோடு வந்தபோது பின்னல் செய்தித்தாளில் கிடந்தது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையால் டம்ளரை வாங்கிக்கொண்டாள். ஒட்ட வெட்டி முடித்ததும் கண்ணாடியில் பார்த்து, “இப்ப உனக்கும் எனக்கும் ஒரே தலைடா தம்பி” என்று சிரித்தாள். கீழே கிடந்ததையெல்லாம் முழுக்கைதான் கூட்டி அள்ளினான். பின்னல் கையில் கனத்தது. கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

அக்கா போன பிறகு பெண்டாட்டி கத்தரியைக் கழுவினாள், துடைத்தாள். “உங்க தோலத் தொட எனக்கு ஒரு நாளும் அருவருப்பா இருந்ததில்ல” என்றாள். “இன்னைக்கு இருக்கு.” அன்று அவன் முதுகுக்கு அவள் மருந்து போடவில்லை.

திங்கட்கிழமை காலை. அதே கதவு, அதே வரிசை. அக்கா முழுக்கைக்கு முன்னால் நின்றாள். அவள் தலையைப் பார்த்து யாருக்கும் கிண்டல் வரவில்லை. மேற்பார்வையாளருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது, தொண்டையைச் செருமிக்கொண்டார். “மேல பேசி வாங்கியிருக்கேம்மா. ஆனா இன்னொரு தரம் ஏதாவது விழுந்துச்சு, கொட்டகையும் கிடையாது. வீட்டுக்குத்தான். புரியுதா?”

“விழுறதுக்கு இனிமே என்ன சார் இருக்கு?”

முழுக்கைக்குத் தெரியும், விழும். அங்கிக்குள் முழங்கை அரித்துக்கொண்டிருந்தது. இன்றோ நாளையோ விழும், விழுந்தால் இவள் தலையில்தான் பழி விழும். அப்படியும், சொல்கிறேன், அப்படியும் அவன் வாய் ‘இல்ல சார்’ சொல்லத்தான் தயாராக இருந்தது.

அக்கா நான்கு கேள்விக்கும் பதில் சொன்னாள். பெட்டியிலிருந்து இரண்டு தொப்பி எடுத்தாள். எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் முடியை அள்ளப் போனாள். அங்கே முடி இல்லை. கைகள் கொஞ்ச நேரம் வெறும் கழுத்துக்குப் பின்னால் அப்படியே நின்றன. “ஐயோ, மறந்துட்டேன்” என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். கழுத்தில் நேற்று வெட்டின பொடிமுடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“காய்ச்சல், இருமல், புண்ணு, தோல் உதிருதா?” மேற்பார்வையாளர் இவனிடம் வந்திருந்தார்.

“உதிருது சார்.”

“சரி, போ... என்ன?”

“உதிருது.” அங்கியின் முடிச்சை அவிழ்த்து ஒரு கையை வெளியே உருவினான். உள்ளே சட்டைக் கையின் பொத்தான் கழலவில்லை. இழுத்ததில் அறுந்து தரையில் உருண்டது. சட்டைக் கையை மேலே ஏற்றினான். சிவந்து, வெடித்து, செதில் செதிலாக நின்ற முழங்கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினான். அதிலிருந்து ஒரு செதில் பெயர்ந்து, பளபளவென்று துடைத்து வைத்திருந்த தரையில் விழுந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஓர் அடி நகர்ந்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் தெரிந்தது.

“எத்தன நாளாடா?”

“சேந்ததுலேர்ந்து இருக்கு சார். அன்னைக்கு விழுந்தது என்னோடதுதான். அக்காவோடது இல்ல. ஊத்தும்போதே எனக்குத் தெரியும்.”

மேற்பார்வையாளர் தரையில் கிடந்த செதிலைப் பார்த்தார். தினமும் கேட்டவர் அவர். அவர் முகமும் கறுத்துவிட்டது. “வெளிய போய் நில்லு” என்று மட்டும் சொன்னார்.

அக்கா திரும்பியிருந்தாள். நகரவில்லை. அந்த முழங்கையை நிதானமாகப் பார்த்தாள். நடைவழிச் சுவரில் இருந்த படத்தைப் பார்க்கிற அதே பார்வைதான். அருவருப்பு இல்லை. “இதுக்காகவா தம்பி?” என்றாள். அப்புறம் கை தானாகவே வெறும் பிடரிக்குப் போயிற்று. இப்போது அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“நேத்து... தெரிஞ்சுக்கிட்டேதான் எனக்கு டீ போட்டுக் குடுத்தியா?”

“ஆமாக்கா.”

அக்கா இடுப்பில் செருகியிருந்த இரண்டு தொப்பிகளையும் எடுத்தாள். ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள். மற்றதைத் திரும்பப் பெட்டியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.